நீர்மேல் ஒரு தலை

முதலில் தெரிந்தது இரண்டு கைகள்.

அவை நாற்காலியின் கைகள் என்று புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. அந்த ஒரு மூச்சுக்குள் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மார்கழிப் பனி கலையவில்லை. பேரிகைச் சாலையில் கம்பெனி பஸ்களின் ஹாரன் கேட்டது, பஸ்கள் தெரியவில்லை. பின்வாசல் படியில் காப்பி டம்ளரோடு நின்றிருந்தேன். பச்சையாகவும், அப்புறம் சிவப்பாகவும், அப்புறம் பால் அதிகமான டீ மாதிரியும் இருந்த எங்கள் நீச்சல் குளம் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் அடியைக் காட்டியது. ஆழம் குறைந்த பக்கத்தில், இறங்கும் படிகளை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

விழுந்து கிடக்கவில்லை. நிமிர்ந்து நின்றது. வீட்டைப் பார்த்து, யாரோ வந்து உட்காரட்டும் என்று போட்டு வைத்த மாதிரி.

நான்கு கால்களிலும் நைலான் கயிற்றால் கருங்கல் கட்டியிருந்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை.

எம்ப்ட்டி டேங்க்

இந்தத் தொடரில் நான் மாறிய வீடுகளைப் பற்றி அவ்வப்போது சொல்லி வருகிறேன். ஒரு வீட்டில் நிலைப்பது எனக்கு எப்போதுமே சிரமம். சுவரில் ஆணி அடித்தாலே கால் பரபரக்கும். ஆனால் இந்த வீட்டுக்கு என் காலின் பரபரப்பு கூட்டி வரவில்லை. என் கணவர் அந்தோணியின் நடக்காத கால் கூட்டி வந்தது.

அந்தோணி ஓசூரில் ஒரு முலாம் பூசும் கம்பெனியில் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் அழுக்குத் தண்ணீரோடு குடித்தனம். குரோமிய மஞ்சள், நிக்கல் பச்சை, பெயரே இல்லாத ஒரு சாம்பல். அதையெல்லாம் வெளியே விடலாம் என்கிற அளவுக்குத் தெளிய வைப்பது அவர் வேலை. "விடலாம், அவ்வளவுதான். குளிக்கலாம்னு ஒருநாளும் சொன்னதில்ல" என்பார்.

ஒருநாள் தொட்டிமேல் இருக்கும் நடைப்பாலத்தில் கால் வழுக்கியது. தொட்டி நிறைந்திருந்தால் நனைந்ததோடு போயிருக்கும். அன்றைக்குக் கழுவுவதற்காகக் காலி செய்து வைத்திருந்தார்கள்.

இடுப்பில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. ஆனால் நிறுத்தி வைத்தால் அவர் முகம் வெளுத்துவிடும். "தரை வருது லில்லி, தரை வருது" என்று என் தோளைப் பிடித்து நசுக்குவார். ஆஸ்பத்திரிப் பிசியோ தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பயம்தான் மேடம். ஆனா பயம்னு விட்டா சதை கரைஞ்சிரும். குளிர்காலம் தாண்டறதுக்குள்ள நடக்க வைங்க. தண்ணிக்குள்ள உக்காந்து எந்திரிச்சு நடக்கட்டும். அங்க விழ முடியாதுல்ல."

அப்படித்தான் கேட்கத் தொடங்கினேன், நீச்சல் குளம் உள்ள வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று. எங்கள் வருமானத்துக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. ஓசூரில் ஹார்டுவேர் கடையும் வீட்டுத் தரகும் ஒன்றாக நடத்தும் ரஹீம் பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"இருக்குதும்மா. யாரும் கேக்காத வீடு ஒண்ணு."

மூன்று மொழிகளில் மூன்று பிணங்கள்

பாதி விற்று, பாதி புதர் மண்டிய லேஅவுட். பெங்களூர்க்காரர் யாரோ சனி ஞாயிறுக்கென்று கட்டிய வீடு, இரண்டு கை மாறிவிட்டது. முன்வாசலில் தமிழ்நாட்டில் இருக்கும் என் போன், பின்பக்கம் போனால் கர்நாடகம் அன்போடு வரவேற்கிறது என்று செய்தி அனுப்பும். ஒரே வீட்டுக்குள் நாளைக்குப் பத்து முறை எல்லை தாண்டினேன்.

குளம் பின்பக்கத்தில் இருந்தது. குளம் என்று சொல்வது மரியாதைக்கு. கெட்டியான பச்சை. மேலே தைல மர இலைகள் ஜமுக்காளம் மாதிரி விரிந்து கிடந்தன. ஒரு கல்லைப் போட்டேன். சத்தம் வரவில்லை, விழுங்கியது.

லேஅவுட் காவல்காரர் மல்லேசப்பா கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். பெட்டிகளை இறக்கும்போதே சொல்லிவிட்டார்: "பேடாம்மா, வேணாம், அந்தத் தண்ணி பேடா. ஒரு இஞ்சினியரு குடிச்சிட்டு உள்ள போயிட்டாரு. மேல வரவே இல்ல."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் அப்பறமா வேலைக்கு வந்தேன். சொன்னாங்க."

பக்கத்து நிலத்தில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் பத்மாக்கா வீட்டில் பேசுவது தெலுங்கு. அவர் மொட்டை மாடியில் நின்றால் எங்கள் பின்பக்கம் முழுக்கத் தெரியும். இன்ஜினியர் கதையைச் சொன்னதும் பத்மாக்கா உதட்டைப் பிதுக்கினார். "அய்யோ தேவுடா, இஞ்சினியரு யாரு சொன்னது? கல்யாணமாயி வந்த பொண்ணு. புதுப்பொண்ணு." ரோஜாக் கட்டின் தண்டுகளை ஒரே அளவாக வெட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

ரஹீம் பாயிடம் சண்டைக்குப் போனேன். அவர் அதிர்ச்சியடையவே இல்லை. "இஞ்சினியருமில்ல, பொண்ணுமில்லம்மா. பூசு வேலை செஞ்ச மேஸ்திரின்னு நம்மாளுங்க சொல்லுவாங்க. நம்பாதீங்க. ஆனா ஊரே நம்பாமப் போனா வாடகை ஏறும்."

கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருத்தி, தமிழில் ஒருவர். இந்த எல்லையோரத்தில் கோயில் திருவிழாகூட மூன்று மொழிகளிலும் ஒன்றாகத்தான் நடக்கும். சாவு மட்டும் அவரவர் பாஷையில் தனித்தனியாக நடந்திருந்தது.

அந்தோணி சக்கர நாற்காலியைப் பின்வாசல் வரை உருட்டி வரச் சொன்னார். நெடுநேரம் அந்தப் பச்சையைப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு அவர் முகத்தில் வேலைக்குப் போகிற களை வந்தது அன்றைக்குத்தான்.

"இன்லெட் வாட்டர் எப்பிடி இருக்குன்னு ஒரு டம்ளர்ல எடு" என்றார். கம்பெனியில் சுத்தம் செய்ய வரும் அழுக்குத் தண்ணீருக்கு அந்தப் பெயர்.

ஒரே தொட்டி

காலி செய்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தோணி தடுத்தார். பக்கத்து ஏரி நிரம்பியிருந்தது, மண்ணுக்கடியில் தண்ணீர் மேலேறி நின்றது. இந்த நேரத்தில் உள்ளே இருக்கும் பாரத்தை எடுத்தால், கீழிருக்கும் தண்ணீர் மொத்தத் தொட்டியையும் படகு மாதிரி மேலே தூக்கிவிடும், சுவர் பிளந்துவிடும் என்றார்.

எனக்கு வேறொன்றும் தோன்றியது. காலித் தொட்டியை அவரால் பார்க்க முடியாது.

ஆக, இருக்கிற தண்ணீரையே தெளிய வைக்க வேண்டும். வலையால் இலைகளை அள்ளினேன். அள்ள அள்ள வந்தது. ஊதிய தவளைகள், ஒரு இறகுப் பந்து, ஒற்றைச் செருப்பு. படிப்பக்கம் வலைக்கம்பை நீட்டியபோது கம்பு எதிலோ இடித்தது. சுவரில் இடித்தால் டங்கென்று கேட்கும். இது கொஞ்சம் நெகிழ்ந்து, திரும்பி நின்றது. யாருடைய முட்டியிலோ இடித்த மாதிரி. கம்பை இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த மூலைக்கு நான் போகவில்லை. அந்தோணி கேட்டபோது, "அங்க எல்லாம் எடுத்தாச்சு" என்று பொய் சொன்னேன்.

எரிந்து போயிருந்த மோட்டாருக்குப் புதிதாகச் சுருள் கட்டினோம், வடிகட்டியில் மணல் மாற்றினோம். அள்ளியதில் இறங்கிய மட்டத்தை போர்வெல் தண்ணீர் விட்டு ஏற்றினோம். அந்தப் பக்கத்து போர் தண்ணீரில் இரும்பு அதிகம். பக்கெட்டில் ஒரு வாரத்தில் செம்பழுப்பு வளையம் விழும்.

"இது மெட்டல் வாட்டர்" என்றார் அந்தோணி. சமையலறைக் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கூட்டிக் குறைத்துப் பார்த்தார். "சுண்ணாம்பு போடு. மெட்டல் அத்தனையும் கீழ உக்காந்துரும். அப்பறம் பிளீச்சிங்."

"நான் என்ன உங்க ஹெல்ப்பரா?"

"ஹெல்ப்பரா இருந்தா இந்நேரம் ஓ.டி. கேட்டிருப்பான். நீ பரவால்ல."

சுண்ணாம்பு மூட்டைகளை ஏற்றி அனுப்பும்போது ரஹீம் பாய் போனில் கேட்டார், "குளத்துக்குள்ள வெள்ளையடிக்கப் போறீங்களாம்மா?" நாங்கள் சிரித்தோம். கரைத்து ஊற்றினோம். பிளீச்சிங் பவுடரையும் போட்டோம். அந்தோணிக்கு அன்று மாலை நல்ல பசி.

மறுநாள் காலை குளம் சிவப்பாக இருந்தது.

செங்கல் சிவப்பு என்று இப்போது எழுத முடிகிறது. அந்தக் காலையில் அதை வேறெதாகவும் பார்க்க முடியவில்லை. பனிக்கு நடுவில், அசையாமல், விளிம்பு வரை சிவப்பு. மாடியில் பத்மாக்கா கையிலிருந்த வாளியைக் கீழே விட்ட சத்தம் கேட்டது. மல்லேசப்பா எட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்கு எங்கள் தெருப் பக்கமே ரோந்து வரவில்லை.

அந்தோணிக்கு என்ன நடந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. நீருக்குள் கரைந்திருந்த இரும்பு மொத்தமும் துருவாகி வெளியே வந்திருக்கிறது. சுண்ணாம்பு அளவு மீறியதில் அது கீழே இறங்கவும் மாட்டேன் என்கிறது. கம்பெனியில் இந்த இடத்திலிருந்து தண்ணீர் இன்னும் மூன்று தொட்டிகள் தாண்டிப் போகும். அந்தப் பழக்கத்தில்தான் கணக்குப் போட்டிருக்கிறார். எங்களுக்கு இருந்தது ஒரே தொட்டி.

"பழகின கை" என்று மட்டும் சொன்னார். சக்கர நாற்காலியைத் தானே திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அடுத்து வந்த நாட்களில் காலை நீட்டிப் பயிற்சி செய்யக்கூட மறுத்துவிட்டார். போர்வைக்குள் அந்தக் கால் நாளுக்கு நாள் மெலிவதை நான் தொட்டுப் பார்க்காமலே உணர்ந்தேன்.

ரஹீம் பாய் நேரில் வந்தார். குளத்தைச் சுற்றி நடந்தார். ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சுண்ணாம்பின் வேகத்தைக் குறைக்கலாம், அப்புறம் படிகாரம் போடலாம் என்று அந்தோணியும் அவரும் பேசி முடிவு செய்தார்கள். போகும்போது பாய் சொன்னார், "மோட்டாரை நிறுத்திட்டுச் சும்மா விடுங்க. அது தானா உக்காரட்டும். நீங்களும் கொஞ்சம் உக்காருங்கம்மா. ஆளு பாதியாயிட்டீங்க."

சும்மா விட்டோம். தண்ணீரைச் சும்மா விடுவது எவ்வளவு கடினம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு குழாய் சொட்டவில்லை, ஒரு இலை விழவில்லை, ஆனால் உள்ளே ஏதோ நிதானமாக இறங்கிக்கொண்டே இருந்தது. சிவப்பு ஒரு புடவை மாதிரி மடிந்து மடிந்து அடியில் படிந்தது. அதைக் குழாய் வைத்து உறிஞ்சி, ஏரிக்குப் போகாமல், கோணிப்பைகளில் வடிகட்டினோம். அந்த விஷயத்தில் அந்தோணி கறார்.

அதற்கடுத்த காலையில்தான் நாற்காலி தெரிந்தது.

பத்மாக்கா பார்த்தது

என் குரல் கேட்கவில்லை என்று சொன்னேன் அல்லவா. ஆனால் பத்மாக்கா மாடியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அடி தெரிந்தது. அடுத்த ஐந்தாவது நிமிஷம் எங்கள் பின்பக்கத்தில் மூச்சு வாங்க நின்றார். காலில் செருப்புகூட இல்லை.

"உள்ள வேற ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லக்கா. நாற்காலி மட்டும்தான்."

"நல்லாப் பாரு லில்லிம்மா. எலும்பு, துணி, முடி..."

அப்படியே குளத்தோரக் கல்மேல் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சொன்னார். புதுப்பெண் கதை அவர் கட்டியது இல்லை, யாரோ சொன்னது. அதை ஏன் பிடித்துக்கொண்டார் என்றால், தான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

"நான் பார்த்தது ஒரு தலை. வயசான அம்மா. நரைச்ச முடி. விடிகாலையில பூ வெட்டப் போறப்ப மாடி ஏறினா, தண்ணிமேல தலை மட்டும் இருக்கும். கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே தெரியாது. அப்பவே தண்ணி பச்சைதான். கண்ணு மூடியிருக்கும். அசையாது. எவ்ளோ நேரமானாலும் அசையாது. தினம் பார்த்தேன். ஒருநாள் பார்த்தா தலை இல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? வீடு பூட்டியிருந்துச்சு. முழுகிட்டாங்கன்னு நெனச்சேன். யார்கிட்டப் போயிச் சொல்றது? போலீசு வரும், தோட்டத்தை நோண்டும். காதலர் தினத்துக்குப் பூ அனுப்பற நேரம் வேற. சொல்லல. இத்தனை வருஷமும் அந்தப் பச்சைக்குள்ள அவங்க இருக்காங்கன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். நீ சுத்தம் பண்றேன்னு எறங்கினதுலருந்து எனக்குத் தூக்கமில்ல."

உள்ளேயிருந்து அந்தோணி கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பின்வாசலுக்கு உருட்டி வந்தேன். நாற்காலியை அவர் பார்த்த பார்வையில் பயமில்லை. ஓடாத பம்ப்பின் கோளாறைப் பார்க்கிற பார்வை.

"தூக்கி எறியறவன் நாலு காலுக்கும் ஒரே சைஸ் கல்லாத் தேடிக் கட்ட மாட்டான். பிளாஸ்டிக் மிதக்கும். மிதக்கக் கூடாதுன்னு கட்டியிருக்காங்க. படிக்குப் பக்கத்துல, கைப்பிடிக் கம்பி எட்டுற தூரத்துல. உக்காந்தா கழுத்தளவு." கொஞ்சம் நிறுத்தினார். "பிசியோ எனக்குச் சொன்னான்ல? தண்ணிக்குள்ள உக்காந்து உக்காந்து எந்திரிங்கன்னு. அந்தம்மாவுக்கும் யாரோ சொல்லியிருக்காங்க."

பத்மாக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப அவங்க...?"

"உக்காந்தவங்க எந்திரிச்சிட்டாங்கக்கா. நாற்காலி காலியா இருக்குல்ல? அதுதான் சாட்சி."

காலி நாற்காலி எத்தனையோ விஷயத்துக்குச் சாட்சி. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரஹீம் பாய் மூலம் வீட்டுக்காரரைக் கேட்டுப் பார்த்தோம். அவர் வாங்கும்போதே வீடு பூட்டிக் கிடந்ததாம், முன்னால் இருந்தவர்களைத் தெரியாதாம். மல்லேசப்பாவுக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் தன் காலால் நடந்து போனாரா, தூக்கிக்கொண்டு போனார்களா, யாரும் பார்க்கவில்லை.

நாற்காலியை எடுக்கவா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார் அந்தோணி. நான் உள்ளே இறங்கி, பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன். தேய்க்கும்போது நாற்காலியின் கைகளை மட்டும் தேய்த்தேன் என்று நினைக்கிறேன். இருக்கையைத் தொட மனம் வரவில்லை.

தெளிந்த பிறகு

தண்ணீர் தெளிந்தது. இதைவிட எளிமையாகச் சொல்லத் தெரியவில்லை. ஓடுகளின் நீலம் வந்தது, ஓடுகளுக்கு நடுவே உள்ள கோடு வந்தது, வெயில் வந்தால் அடியில் வலை வலையாக வெளிச்சம் நீந்தியது. நான் ஒரு கை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டேன். மாதா கோயில் வாசல் தொட்டித் தண்ணீரைத் தொடும்போது வரும் சிறுவயது நடுக்கம் கையில் வந்தது.

அந்தோணி மட்டும் இறங்கவில்லை.

முதல் நாள், குளோரின் கூடுதல் என்றார். மறுநாள், குளிர் அதிகம். அப்புறம் இன்னொரு தடவை டெஸ்ட் பார்க்க வேண்டும். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. வாழ்நாளெல்லாம் தண்ணீரில் எதையாவது தேடியவர். தேட ஒன்றும் இல்லாத தண்ணீர் அவருடைய காலை மட்டுமே கேட்டது.

"பயமா இருக்கா?" என்றேன்.

"அடி தெரியுது லில்லி. பச்சையா இருந்தப்பவே எறங்கியிருக்கலாம்."

பிசியோ தம்பி வந்து காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பயிற்சிப் பட்டையை வெளியே எடுக்காமலே பையை மூடினார்.

பனி

அது கெட்டியான பனி. பால் வாங்கச் சாலை வரை போயிருந்தேன். எதிரில் வருகிறவர்கள் முதலில் இருமலாக வந்தார்கள், பிறகு உருவமாக. பால்காரர் நேரமாக்கிவிட்டார். திரும்பி வந்து பாலை அடுப்பில் வைத்தேன். படுக்கையறையில் அந்தோணி இல்லை. பின்வாசலில் சக்கர நாற்காலி நின்றது. காலியாக.

குளத்துக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் ஒரு தடம். பாம்பு இழைந்த மாதிரி அகலமாக. உட்கார்ந்தபடியே நகர்ந்து போயிருக்கிறார்.

தண்ணீர்மேல் ஒரு தலை இருந்தது.

கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. பனி நீரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கண்கள் மூடியிருந்தன. நரைத்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அது அசையவில்லை. கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். உதடு நீலமாக இருந்ததா, பனியின் நிறமா, தெரியவில்லை. அது யார் என்றுகூட எனக்கு ஒரு கணம் தெரியவில்லை.

நிமிர்ந்தேன். மாடியில் பத்மாக்கா. கையில் ரோஜா வாளி. அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில், அதே நேரத்தில்.

தலை ஒரு விரல்கடை உயர்ந்தது.

பிறகு கழுத்து. பிறகு தோள், நீரை வழியவிட்டபடி. மார்பு. தழும்பு ஓடும் இடுப்பு. யாரோ கீழேயிருந்து ஏந்தி அனுப்புவதுபோல அவ்வளவு மெதுவாக அந்தோணி எழுந்து நின்றார். கம்பியைப் பிடிக்கவில்லை. கண்ணைத் திறந்தார். ஒரு அடி வைத்தார். தண்ணீர் தள்ளாடியது, அவர் தள்ளாடவில்லை. இன்னொரு அடி.

மேலே வாளி வைக்கிற சத்தம். "லில்லிம்மா" என்று பத்மாக்காவின் குரல் உடைந்து வந்தது. "அந்தம்மாவும் இப்பிடித்தானே எந்திரிச்சிருப்பாங்க? நான் பூ வெட்டப் போன நேரமாப் பாத்து?"

"ஆமாக்கா" என்றேன். எனக்கு என்ன தெரியும். ஆனாலும் சொன்னேன்.

உள்ளே பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. யாரும் போகவில்லை.

படியில் உட்கார வைத்துத் துண்டால் போர்த்தினேன். திட்டினேன், அழுதேன், மறுபடி திட்டினேன். அவர் பல் தந்தியடித்தது. சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி மெல்லச் சொன்னார்:

"தண்ணி ஐஸ் மாதிரி இருந்துச்சு லில்லி. ஆனா உக்காந்த எடம் மட்டும் சூடா இருந்துச்சு. இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி."

நான் தண்ணீரைப் பார்த்தேன். அலை அடங்கி, அடி தெரிந்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது.